புல்லில் சுவடு தேடியவள்

கிளீப், சிட்னி
1909 பிப்ரவரி 14

அன்புள்ள அமாலியா அக்காவுக்கு,

ரொவீனா எழுதிக்கொள்வது. நான் சுகமாக வந்து சேர்ந்தேன். அங்கே நீங்களும் உங்கள் தம்பி வில்லியும் குழந்தைகளும் பசுக்களும் சுகமா? உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? காலையில் பால் கறக்க உட்காரும்போது அந்தப் பழைய கம்பளியைச் சுற்றிக்கொள்ளுங்கள். நான் அங்கே இல்லை என்பதால் யாரும் உங்களுக்கு இதைச் சொல்லமாட்டார்கள்.

மாநில எல்லையில் ரயில் மாறும்போது ஒரு அம்மாள் பேச்சுக் கொடுத்தாள். சிட்னியில் டென்னிஸ் பட்டத்துக்கு ஆடப் போகிறேன் என்று சொன்னதும் வாயில் கை வைத்துக்கொண்டாள். "பிள்ளைங்களையும் மாடுகளையும் நாத்தனார் தலையில கட்டிட்டுப் பந்தடிக்கப் போறீங்களா? அவங்க எப்படி விட்டாங்க?" என்றாள். "விட்டாங்க, ஆனா சும்மா விடலை" என்றேன்.

இங்கே ஆடுமிடமெல்லாம் புல். வில்லி கரையான் புற்றை உடைத்து இடித்துப் பரப்பி, தண்ணீர் தெளித்து உருளை ஓட்டிக் கொடுத்தானே நமக்கு, அந்தத் தரையில் பந்து இடுப்பு உயரம் எழும்பும். இங்கே முழங்காலுக்கு வந்தாலே பெரிது. முதல் நாள் நான் மட்டையை வீசி முடிக்கும்போது பந்து எனக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

அதைவிட மானக்கேடு ஒன்று நடந்தது. எதிராளியின் பந்து ஒன்று கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. உள்ளேயா வெளியேயா என்று தெரியவில்லை. நான் நம் ஊர்ப் பழக்கத்தில் ஓடிப்போய்க் குனிந்து சுவடு தேடினேன். புற்றுமண்ணில் பந்து விழுந்த இடம் வட்டமாகத் தெரியும், பார்த்துவிட்டு நாமே சொல்லிவிடுவோம். புல்லில் என்ன தெரியும்? நான் மண்டியிட்டுப் புல்லை விலக்கிக்கொண்டிருந்தேன். "என்ன தேடறீங்க, காதுத் தோடா?" என்று ஒரு பெண் கேட்டாள். பெஞ்சியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

நமக்குள் ஆன பேச்சு நினைவிருக்கிறது, அக்கா. இந்த ஒரு தடவைதான். பட்டம் கிடைக்கவில்லை என்றால் மட்டை பரணுக்குப் போய்விடும், அதைப் பற்றிய பேச்சும் கூடவே போய்விடும். எனக்கு முப்பத்திரண்டு வயதாகிறது. கல்யாணத்துக்கு முன் பிரிஸ்பேனில் கடைசி ஆட்டம் வரை போய்த் தோற்றதிலிருந்து இந்த ஒரு தடவைக்காகத்தான் காத்திருந்தேன். இதற்கு என்னை அனுப்பிவைத்த உங்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

குழந்தைகளுக்கு என் முத்தம். வில்லியைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு அன்புடன்,
ரொவீனா

* * *

வாட்டில் க்ரீக்
பிப்ரவரி 27

ரொவீனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. கம்பளியைக் கன்றுக்குட்டிக்குப் போட்டிருக்கிறேன், அதற்குத்தான் சளி.

ட்ரூடி தலை சீவும்போது ஊரைக் கூட்டுகிறாள். அம்மா கையால் சீவினால்தான் வலிக்காதாம். "அந்தக் கை பந்தடிக்கப் போயிருக்கு, இந்தக் கையோட அனுசரிச்சுப் போ" என்றேன். லீனா ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள், வந்து என்னைக் கேள்வி கேட்டே கொல்கிறாள். வில்லிக்குப் பேனா பிடித்தால் விரல் சுளுக்கிக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும். உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னான். எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நோஸ்கி வீட்டு அம்மாள் பிடித்துக்கொண்டாள். "என்ன அமாலியா, தம்பி பொண்டாட்டி பட்டணத்துல குதிச்சு ஆடறாளாமே. நீங்க இங்க சாணி அள்ளிட்டிருக்கீங்க" என்றாள். "நான் அள்ளற சாணி என் தோட்டத்துக்கு ஆகுது. உங்க வாயில வர்றதை எந்தத் தோட்டத்துல போடறது?" என்று கேட்டேன். போதகர் காதிலும் விழுந்துவிட்டது. இதை உனக்காகச் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கே அவளைக் கண்டால் ஆகாது.

பேச்சு உனக்கு நினைவிருப்பது நல்லது. எனக்கும் நினைவிருக்கிறது. கொட்டகைக்குப் பின்னால் அந்தப் புற்றுமண் தரை சும்மா கிடந்து வெயில் காய்வதைத் தினமும் பார்க்கிறேன். நீ தோற்று வந்தால் அதைக் கொத்தி உருளைக்கிழங்கு போடலாம் என்று யோசனை.

உன் பழைய மட்டை ஒன்று கதவுக்குப் பின்னால் கிடந்து போகவர காலில் தட்டுகிறது. எடுத்து வைத்திருக்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அமாலியா பிராண்ட்

* * *

கிளீப்
மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நான்கு முறை படித்துச் சிரித்தேன். நோஸ்கி அம்மாள் பகுதியைச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்துக் காட்டினேன். நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மாளுக்குத் தேநீர் புரையேறிவிட்டது. கன்றுக்குட்டிக்கு இப்போது தேவலையா? உங்களுக்கு?

புல் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வருகிறது. பந்து எழும்பட்டும் என்று காத்திருக்கக் கூடாது, முன்னால் ஓடி வலைக்குப் பக்கத்திலேயே அடித்து முடித்துவிட வேண்டும். இங்கே பெண்கள் பலரும் இடுப்புக்குக் கீழே இருந்துதான் சர்வீஸ் போடுகிறார்கள். நான் தலைக்கு மேல் தூக்கிப் போடுவதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். சுளித்தால் சுளிக்கட்டும், திருப்பி அடிக்க முடியவில்லையே அவர்களால்.

மிஸ் கான்ஸ்டன்ஸ் ஆர்க்ரைட்டைப் பார்த்தேன். பல வருஷமாகப் பட்டம் அவள் கையில்தான். நல்ல உயரம். நடப்பதே ஒரு அழகு, நாக்கு மட்டும் சவரக்கத்தி. எல்லோர் முன்னாலும் என்னிடம் வந்தாள். "உங்க ஊர்ல தரையைக் கரையான் கட்டிக் குடுக்குமாமே. ஆடறவங்களையும் அதுவேதான் கட்டுமா?" என்றாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ, "கரையான் மெதுவாத்தாங்க அரிக்கும். ஆனா ஒருநாள் பார்த்தா வீடே இருக்காது" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு போனாள். பிடிக்காமல் ஆட்டினாளா, பிடித்து ஆட்டினாளா என்று தெரியவில்லை.

ஆனால் ஒரு வம்பில் மாட்டிக்கொண்டேன். போன சனிக்கிழமை சங்கத்து ஆட்டம் ஒன்று. நான் அடித்த பந்து வெளியே விழுந்தது, என் கண்ணாலேயே பார்த்தேன். நடுவர் உள்ளே என்று சொல்லிவிட்டார். நம் ஊரில் நடுவர் ஏது? சந்தேகம் என்றால் பந்து எதிராளிக்கு, அவ்வளவுதான். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் பழக்கதோஷத்தில், "இல்லைங்க, அது வெளியே" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் செங்கல்லாகிவிட்டது. "மிஸஸ் பிராண்ட், இங்க நடுவர் நீங்களா நானா?" என்றார். ஆட்டம் முடிந்ததும் சங்கச் செயலாளர் கூப்பிட்டு, நடுவரைத் திருத்துவது அவமரியாதை என்றும், இன்னொரு தரம் வாயைத் திறந்தால் போட்டியிலிருந்து பேரை எடுத்துவிடுவோம் என்றும் சொல்லிவிட்டார்.

நான் என்ன செய்வேன், அக்கா? பேர் போனால் பட்டம் போயிற்று. பட்டம் போனால் எல்லாமே போயிற்று. வாயை மூடிக்கொண்டு என்னுடையதல்லாத புள்ளியை எடுத்துக்கொண்டால் இரவு தூக்கம் வராது. உங்களுக்கு ஆட்டம் பிடிக்காது, தெரியும். ஆனால் நியாயம் தெரியும். எழுதுங்கள்.

குழந்தைகளுக்கு முத்தங்கள்.

அன்புடன்,
ரொவீனா

* * *

கிளீப்
ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகமா? நான் எழுதி மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நடுவில் அட்டை ஒன்றும் போட்டேன். ஒரு வரி இல்லை. கோபம் என்றால் நான்கு வரி திட்டியாவது எழுதுகிறவர் நீங்கள். எழுதாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

ட்ரூடிக்குப் பழையபடி இருமலா? வில்லிக்கு ஏதாவதா? எதுவானாலும் சொல்லிவிடுங்கள். இங்கே பந்து என் கண்ணுக்குத் தெரிகிறது, மனசுக்குத் தெரியவில்லை. நேற்றுப் பயிற்சி ஆட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணிடம் தோற்றேன்.

ரொவீனா

* * *

வாட்டில் க்ரீக்
ஏப்ரல் 10

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் லீனா. நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும். அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அத்தை ஏன் எழுதவில்லை என்று நீ கேட்பாய். அத்தைக்கு வேலை அதிகம்.

அத்தை தன் கையைப் பற்றி ஒன்றும் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள், அதனால் கையைப் பற்றி நான் எழுதவில்லை. டாக்டரைப் பற்றியும் எழுதவில்லை. டாக்டர் நல்லவர், எனக்கும் ட்ரூடிக்கும் மிட்டாய் கொடுத்தார்.

அத்தை சொல்கிறாள்: வெண்ணெய்த் தொழிற்சாலைக்குப் பாலாடை ஒழுங்காகப் போகிறது. அத்தை சொல்கிறாள்: நீ உன் வேலையைப் பார். அத்தை சொல்கிறாள்: முத்தம் எல்லாம் எழுதாதே, தபால்காரர் சிரிப்பார். ஆனால் நான் எழுதுகிறேன்.

முத்தங்கள்.
லீனா பிராண்ட், ட்ரூடியும்

* * *

கிளீப்
ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

கைக்கு என்ன?

லீனாவை அடிக்காதீர்கள். அவள் எதையும் எழுதவில்லை, நீங்கள் சொன்னபடிதான் செய்தாள்.

உடைந்ததா, வெந்ததா, மாடு மிதித்ததா? ஒரு கையோடு இத்தனை மாடுகளையும் எப்படிக் கறக்கிறீர்கள்? பட்டம் அடுத்த வருஷமும் இருக்கும் என்று எழுதத்தான் ஆசை. எனக்கு அடுத்த வருஷம் இல்லை என்பது நமக்குள் ஆன பேச்சு. அது தெரிந்துதான் இன்று காலை திங்கட்கிழமை ரயிலுக்குச் சீட்டு எடுத்தேன். உங்கள் கைக்கு என்னவோ ஆகிக் கிடக்கும்போது நான் இங்கே வெள்ளைப் பாவாடை கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை. மட்டையைப் பரணில் போட்டுக்கொள்கிறேன். உருளைக்கிழங்கு போடுங்கள், நானே கொத்தித் தருகிறேன்.

செவ்வாய்க்கிழமை வருவேன். வில்லியை வண்டியோடு அனுப்புங்கள்.

ரொவீனா

* * *

தந்தி
வாட்டில் க்ரீக், ஏப்ரல் 17

வராதே. வந்தால் கதவு திறக்காது. வண்டியும் வராது. கடிதம் பின்னால். அமாலியா.

* * *

வாட்டில் க்ரீக்
ஏப்ரல் 18

ரொவீனாவுக்கு,

எழுதுவது லீனா, சொல்வது நான். இந்தத் தடவை சொன்னதைச் சொன்னபடி எழுதுவதாகச் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நாங்கள் எல்லோரும் சுகம். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது, அவ்வளவுதான். உலகத்தில் முதல் முதலாக எலும்பு முறிந்தவள் நானில்லை. டூவூம்பா டாக்டர் கட்டுப் போட்டிருக்கிறார். அந்தப் புற்றுமண் தரையில் வழுக்கி விழுந்தேன். பெருக்கப் போனேன்.

(அம்மா, நான் லீனா. துடைப்பம் கொட்டகையில்தான் இருந்தது. அத்தை கையில் உன் பழைய மட்டை இருந்தது. ட்ரூடி பந்து போட்டாள், அத்தை ஓடினாள். தினமும் ஓடுவாள். அத்தையின் கண்ணாடி எங்கேயோ விழுந்துவிட்டது, அதனால் இதைப் படிக்க மாட்டாள்.)

மாடுகளைப் பற்றிக் கவலைப்படாதே. கேட்டால் நம்பமாட்டாய், காலையில் வந்து கறப்பது நோஸ்கி அம்மாள். அவளாகவே வந்து நின்றாள். "பட்டம் வாங்கப் போற பொண்ணோட மாடு பட்டினி கிடக்கலாமா?" என்றாள். இரண்டு மாதம் முன்னால் என்ன சொன்னாய் என்று கேட்க வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவள் கறக்கும் வேகத்தில் பசு தூங்கிவிடுகிறது, ஆனாலும் கறக்கிறாள். ஊரே உன் பேரைப் பேசிக்கொண்டிருக்கும்போது நீ மூட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றால் நான் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவேன்? எனக்காகத் தோற்றுப்போகிற வேலையெல்லாம் வேண்டாம். அந்தப் பாரத்தையும் என் தலையில் வைக்காதே.

நீ கேட்டதற்குப் பதில். நடுவரிடம் வாயைத் திறக்கக் கூடாது என்றால் திறக்காதே. ஆனால் உன்னுடையது இல்லாத புள்ளியை வைத்துக்கொள்ளவும் செய்யாதே. அடுத்த பந்தை வேண்டுமென்றே வலையில் போட்டுவிடு. கணக்குச் சரியாகிவிடும். பந்தை வலையில் போடாதே என்று எந்த நடுவரும் சொல்ல முடியாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. சும்மா யோசித்தேன்.

சீட்டைத் திருப்பிக் கொடு. ஒழுங்காக ஆடு.

அமாலியா

* * *

கிளீப்
மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

கை எப்படி இருக்கிறது? கட்டு எப்போது பிரிப்பார்கள்? தரையைப் பெருக்குவதில் அவசரம் வேண்டாம், கட்டுப் பிரித்ததும் நிதானமாகப் பெருக்கலாம்.

சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுத்த கையோடு ஆட்டம் திரும்பி வந்தது. முதல் சுற்று, இரண்டாம் சுற்று, எல்லாம் தாண்டி நேற்று அரையிறுதியும் ஜெயித்தேன். சனிக்கிழமை கடைசி ஆட்டம், மிஸ் ஆர்க்ரைட்டோடு.

உங்கள் யோசனை நேற்று வேலை செய்தது. எனக்குச் சேராத புள்ளி ஒன்றை நடுவர் எனக்குக் கொடுத்தார். நான் பெட்டிப்பாம்பாக இருந்தேன். அடுத்த பந்து லட்டு மாதிரி வந்தது, அதை வலைக்குள் போட்டேன். முதலில் கூட்டத்தில் "ஐயோ பாவம்" என்றார்கள். பிறகு யாருக்கோ புரிந்து, அவர் பக்கத்து ஆளிடம் சொல்ல, ஒரு ஓரத்திலிருந்து கைதட்டல் கிளம்பி மைதானத்தைச் சுற்றி வந்தது. செயலாளர் என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். என்னவென்று எழுதிப் பேரை எடுப்பார்? நேற்று ராத்திரி படுத்ததும் தூங்கிவிட்டேன்.

சனிக்கிழமையை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது, அக்கா. ஆனால் இது நல்ல பயம்.

குழந்தைகளுக்கும் வில்லிக்கும் என் அன்பு. நோஸ்கி அம்மாளுக்கும்.

ரொவீனா

* * *

கிளீப்
மே 16, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கையும் உடம்பும் தேறியிருக்கும் என்று நம்புகிறேன். எனக்குக் கால், தோள், முதுகு, எல்லாம் வலிக்கிறது. இவ்வளவு சந்தோஷமான வலியை நான் பட்டதே இல்லை.

தந்தி கிடைத்திருக்கும். ஜெயித்துவிட்டேன். ஆனால் எப்படி ஜெயித்தேன் என்பது தந்தியில் அடங்காது.

முதல் செட்டை மிஸ் ஆர்க்ரைட் எடுத்துக்கொண்டாள். பந்து எங்கே போகும் என்று எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்தது. இரண்டாவதில் நான் வலைக்கு ஓட ஆரம்பித்தேன். ஒரு கட்டத்தில் தொப்பி பறந்துபோயிற்று, எடுக்கவில்லை. அந்தச் செட் எனக்கு. மூன்றாவதில் இருவரும் ஒருவர் காலை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டே போனோம். கடைசியில் ஐந்துக்கு நான்கு நான் முன்னால். இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் பட்டம்.

நான் வலைக்கு ஓடினேன். அவள் ஓரக் கோட்டை ஒட்டி ஒரு அடி அடித்தாள். நான் பாய்ந்தும் எட்டவில்லை. கோடு பார்க்கிறவர் கையை உயர்த்தி, "வெளியே" என்றார். நடுவர் எழுந்து, ஆட்டம் மிஸஸ் பிராண்டுக்கு என்று அறிவித்தார். தொப்பிகள் ஆகாயத்தில் பறந்தன. மிஸ் ஆர்க்ரைட் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை கொடுக்க வலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

பந்து உள்ளே விழுந்தது, அக்கா. நான் பார்த்தேன்.

அந்த நிமிஷம் எனக்கு உங்கள் யோசனைதான் நினைவு வந்தது. அடுத்த பந்தை வலையில் போடு. அடுத்த பந்து எங்கே? ஆட்டமே முடிந்துவிட்டதே. வாயை மூடிக்கொண்டு கை கொடுத்தால் பட்டம் எனக்கு. வாயைத் திறந்தால் செயலாளர் சொன்னபடி பேரை எடுத்துவிடுவார். இந்த ஒரு தடவைக்காக எத்தனை வருஷம், எத்தனை பேர் தலையில் என் வேலையைக் கட்டி வந்திருக்கிறேன். எல்லாம் மனசில் ஓடியது. கால் மட்டும் தானாகவே கோட்டுக்குப் போய்விட்டது. அத்தனை ஜனம் பார்க்க நான் புல்லில் மண்டியிட்டுச் சுவடு தேடினேன்.

சிரித்தார்கள். "பட்டம் உங்களுக்குத்தாம்மா, எழுந்திருங்க" என்று யாரோ கத்தினார்கள். புல்லில் ஒன்றும் இல்லை. எழுந்து பின்னால் போய், வேலியோரம் கிடந்த பந்தை எடுத்துப் பார்த்தேன். அதன் ஒரு பக்கத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு அப்பியிருந்தது. கோட்டுக்குப் போட்ட சுண்ணாம்பு.

பந்தை நடுவரிடம் தூக்கிக் காட்டினேன்.

"ஆட்டம் முடிஞ்சுது, மிஸஸ் பிராண்ட். கை குடுத்துட்டு வாங்க."

"முடியலைங்க. பந்து கோட்டுல விழுந்துச்சு."

"இங்க நடுவர் நீங்களா நானா?"

"நீங்கதாங்க. ஆனா பந்து என் பக்கத்துலதான் விழுந்துச்சு."

செயலாளர் நாற்காலியை விட்டு எழுந்து ஓடிவந்தார். அதற்குள் மிஸ் ஆர்க்ரைட் என் கையிலிருந்து பந்தை வாங்கிக் கட்டைவிரலால் தேய்த்தாள். விரல் வெள்ளையாயிற்று. அவள் முகம் கடுகடுவென்று இருந்தது. "எனக்கு யாரும் தானம் குடுக்க வேண்டாம்" என்றாள்.

"தானம் இல்லைங்க. உங்க பந்து, உங்க புள்ளி. நான் ஜெயிச்சா என் பந்துல ஜெயிச்சுக்கிறேன்."

பந்தை என்னிடமே வீசினாள். பிறகு திரும்பி விறுவிறுவென்று நடந்து தன் கோட்டில் போய் நின்றுகொண்டாள். நானும் என் கோட்டுக்குப் போனேன். ஆடுகிற இரண்டு பேரும் ஆடத் தயாராக நிற்கும்போது நடுவர் மட்டும் முடிந்துவிட்டது என்று எத்தனை நேரம் சொல்லிக்கொண்டிருப்பார்? செயலாளரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார். "புள்ளி மிஸ் ஆர்க்ரைட்டுக்கு. சமநிலை" என்றார். அப்போது எழுந்த சத்தம் வாட்டில் க்ரீக் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும்.

அவள் விட்டுக்கொடுக்கவில்லை. ஐந்துக்கு ஐந்து ஆக்கினாள், பிறகு அவள் ஆறு, நான் ஐந்து. தோற்கப்போகிறேன் என்றே நினைத்தேன். ஆனால் ஒரு விஷயம் சொல்கிறேன், எனக்குப் பயம் போய்விட்டிருந்தது. கை லேசாக இருந்தது. தலைக்கு மேல் தூக்கிப் போட்ட ஒவ்வொரு சர்வீஸும் நினைத்த இடத்தில் போய் விழுந்தது. ஆறுக்கு ஆறு, ஏழுக்கு ஆறு, கடைசியில் எட்டுக்கு ஆறு. கடைசிப் பந்தை அவளுக்கு எட்டாத மூலையில், கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே, குருடனுக்கும் தெரியும்படி அடித்தேன்.

வலைக்கு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "கரையான் வீட்டைச் சாப்ட்டுடுச்சு" என்றாள். அவள் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன். நான் அழுதுவிட்டேன்.

செயலாளரே கோப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். பேரை எடுப்பதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பதில் வேறொன்று சொன்னார். அக்டோபரில் மெல்போர்னில் பெரிய போட்டி இருக்கிறதாம். என்னையும் மிஸ் ஆர்க்ரைட்டையும் ஜோடியாக அனுப்ப ஆசைப்படுகிறார்கள். உங்களைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். நம் பேச்சு ஒரு தடவை என்றுதான். தோற்றால் பரண் என்று பேசினோம். ஜெயித்தால் என்ன என்று நாம் பேசவே இல்லை என்பது நேற்றுத்தான் எனக்கு உறைத்தது. நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். மனசாரச் சொல்கிறேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை கிளம்புகிறேன். வில்லியின் முகத்தைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது.

என்றும் உங்கள்,
ரொவீனா

* * *

வாட்டில் க்ரீக்
மே 19

என் ரொவீனாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். கட்டுப் பிரித்தாயிற்று. எழுத்துக் கோணலாக இருக்கும், அனுசரித்துப் படித்துக்கொள். லீனாவை நம்பி இனி ஒரு வரியும் எழுத முடியாது. கண்ணாடி கிடைத்ததும் மை ஒற்றும் தாளில் பதிந்திருந்த அவள் வரிகளைப் படித்தேன்.

வீட்டுக்கு வந்தபின் நேரில் சொல்லலாம்தான். ஆனால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நீ இதைக் கேட்பது எனக்குச் சரிப்படாது. ரயில் ஏறுவதற்குள் கிடைத்தால் வண்டியில் படி.

தந்தி வந்தபோது நான் கொட்டகையில் இருந்தேன். வில்லி கையில் தாளோடு தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றான். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து எனக்கு உயிரே போய்விட்டது. பிடுங்கிப் படித்தேன். "ஏண்டா, இதுக்கா இப்படி நிக்கறே?" என்று திட்டிவிட்டு நானும் அப்படியேதான் நின்றேன். நோஸ்கி அம்மாள் பால் வாளியைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடி, போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் ஊரே வந்துவிட்டது. ஆளுக்கொரு தட்டு கேக் கொண்டுவந்தார்கள். போதகர் அக்கார்டியன் வாசித்தார். கடிதம் இன்று வந்தது. நீ மண்டியிட்டுத் தேடியதை வில்லி படிக்கச் சொல்லிப் படிக்கச் சொல்லிக் கேட்டான். நான் சலிக்காமல் படித்தேன்.

உருளைக்கிழங்குக்கு வேறு இடம் பார்த்தாயிற்று.

இப்போது நான் சொல்வதைக் கேள். அம்மா போனபோது எனக்கு வயது பதினாறு. அன்றிலிருந்து நான் ஓடியதெல்லாம் ஏதாவது ஒன்று பொங்கி வழிந்ததற்கோ, எங்காவது மாடு வேலி தாண்டியதற்கோதான். நீ சாயங்காலத்தில் சும்மா ஒரு பந்துக்காக ஓடுவதைப் பார்த்தால் எனக்கு எரியும். ஒரு தடவைதான் என்று உன்னிடம் பேசினபோது அந்த எரிச்சல்தான் பேசியது. நீ போனபின் அந்த மட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சின்னவள் ஒரு பந்து போட்டாள். நாற்பத்து மூன்று வயதில் நான் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். விழுந்து கையை உடைத்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்துக் கிடந்தபோதும் சிரித்துக்கொண்டிருந்தேனாம். லீனா சொல்கிறாள். அவள் பொய் சொல்லமாட்டாள் என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

மெல்போர்னுக்குப் போவாயா மாட்டாயா என்று என்னைக் கேட்காதே. போகிறாய். பேச்சு முடிந்துவிட்டது, இனி அதைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும். அந்த மிஸ் ஆர்க்ரைட்டை அதற்கு முன்னால் நம் வீட்டில் வந்து பத்து நாள் தங்கச் சொல். புற்றுமண்ணில் ஆடினால் அவளுக்கும் புத்தி வரும்.

நானும் உன்னோடு மெல்போர்னுக்கு வருகிறேன். இந்தத் தடவை கேட்டுத் தெரிந்துகொள்வதாக இல்லை, உட்கார்ந்து கண்ணால் பார்க்கப்போகிறேன். பெட்டி வாங்கியாயிற்று. மாடுகளை யார் கறப்பார்கள், குழந்தைகளுக்கு யார் தலை சீவுவார்கள் என்று ஆரம்பிக்காதே. வில்லிக்கு இரண்டு கையும் நன்றாகத்தான் இருக்கின்றன.

பத்திரமாக வந்து சேர்.

உன் அக்கா,
அமாலியா